தாத்தாவின் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா?

புரசைவாக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறோம். தாத்தா சேர்த்த புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. எல்லாம்தான் நெட்டில் இருக்குமே, பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அவருக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை. எல்லாம் போனில் கிடைக்கிற காலத்தில் நூலகங்கள் எதைக் காப்பாற்றுகின்றன, யாருக்காக?"

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். ஒரு மாதமாவது பொறுங்கள். என்ன செய்யலாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக இணையத்துக்கு வந்துவிட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடினால் நூறு வருடத்துக்கு முந்தைய பதிப்புகள்கூட இலவசமாகக் கிடைக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய இலக்கியங்கள் இருக்கின்றன. ஆனால் இவை தாமாக அங்கே முளைக்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், இன்னொருவர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார், மூன்றாமவர் ஸ்கேன் செய்தார். முதல் ஆள் பேப்பர் கடைக்குப் போட்டிருந்தால் மற்ற இருவருக்கும் வேலையே இல்லை. எடுத்து வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் ஒரே வேலை. அதைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்வதற்கு ஏற்பட்ட இடம்தான் நூலகம். சென்னையில் நூலக அட்டவணை வேலையிலேயே என் காலம் கழிந்தது. இதை எனக்குத் தெரிந்த வரையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் எதையும் நீண்ட நாள் விட்டுவைக்காது. கரையான் ஒரு பக்கம், இராமபாணப் பூச்சி ஒரு பக்கம். நன்றாகப் பதப்படுத்திய பனை ஓலையே சில நூறு வருடம்தான் தாங்கும். அப்படியென்றால் இரண்டாயிரம் வருடத்துப் பாட்டு நம் கைக்கு எப்படி வந்தது? ஒவ்வொரு ஓலைச்சுவடியும் இற்றுப்போவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினார். மடத்தில் படித்த மாணவர்கள் எழுதினார்கள், புலவர்கள் எழுதினார்கள், வைத்தியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக எழுதினார்கள். எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் கோவையிலைச் சாறும் மஞ்சளும் பூசி எழுத்தைத் துலங்க வைத்து, வசம்பும் வேப்பிலையும் போட்டுக் கட்டி வைத்தார்கள். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் அத்தோடு போயிற்று. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. எழுபது பரிபாடலில் முழுமையாக வந்து சேர்ந்தவை 22. புறநானூற்றில் 267, 268 என்று இரண்டு எண்கள் மட்டும் நிற்கின்றன, பாட்டு இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் பிற நூல்களில் மேற்கோளாக வந்த துண்டுகளாகவே மிஞ்சின. பெயர்த்து எழுதாமல் விட்ட ஓலைகளின் கணக்கு இது.

1880-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையர், ஊருக்கு வந்திருந்த முன்சீப் (நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வியில்தான் சங்க நூல்கள் அச்சுக்கு வந்த கதையின் பெரும்பகுதி தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையும் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார். கலித்தொகையை 1887-ல் அச்சில் கொண்டுவந்தவர் அவர். ஐயர் பதிப்பித்த சிந்தாமணி வந்ததும் அதே ஆண்டு. பிறகு ஐயரே கொண்டுவந்த பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்த வருடங்களை வரிசையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற பாதி இலக்கியம் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கரை ஏறியது.

ஐயர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார் என்பது பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் அலைந்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு வேண்டியது. ஒரு பிரதி போதாது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, குத்தினால் ஓலை கிழியும். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. எழுதியவர் கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவியிருந்தால் இடையில் உள்ளது காணாமல் போயிருக்கும். நாலைந்து ஊர்ப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புலவர் பாடியது, எது எழுதியவர் கைப்பிழை என்று தெரியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்கள் 99. ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் அந்தப் பட்டியலில் சில இடம் விட்டுப்போயிருந்தது. தருமபுரம் ஆதீனத்தில் தேடியபோதுதான் அது கிடைத்தது. அந்த மடம் ஏட்டை வைத்திருந்ததோடு நிற்காமல் வந்து கேட்டவரை உள்ளே விட்டுத் தேடவும் விட்டது. அதனால் இன்று நாம் அந்தப் பூக்களின் பெயரைச் சொல்கிறோம்.

எதிர்ப்பக்கத்தையும் ஐயரே எழுதி வைத்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியருடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அப்படியே செய்தாகிவிட்டது என்று பதில் வருகிறது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையோடுதான் நெருப்பில் இட்டார்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு பட்டியல் இல்லை, படிக்க வேண்டும் என்று கேட்க ஆளும் அதுவரை வரவில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்த பொருள் இப்படியும் அழியும். ஐயர் சேர்த்த ஏடுகள் 1942-ல் அவர் மறைந்த பிறகு சிதறாமல் இருக்க, அடுத்த வருடமே அவர் பெயரில் நூல்நிலையம் தொடங்கினார்கள். பெசன்ட் நகரில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் அங்கே உண்டு.

ஓலையைப் பொறுத்தவரை சென்னையில் பெரிய இடம் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். 1869-ல் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டது காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரியின் சேகரிப்பு. ஸ்காட்லாந்துக்காரர், 1821-ல் இறந்தார். நிலம் அளக்கப் போன ஊரிலெல்லாம் கதை, கல்வெட்டு, ஊர் வரலாறு, கோயில் கணக்கு என்று எழுதி வாங்கினார். எழுதி வாங்கியது அவர் தனியாக இல்லை. காவலி வெங்கட போரய்யா, அவருடைய தம்பி லட்சுமய்யா என்று நம் பக்கத்து ஆட்கள்தான் மொழி தெரிந்து, ஊர் தெரிந்து அந்த வேலையைச் செய்தார்கள். பேர் வாங்கியவர் ஒருவர், பாடுபட்டவர்கள் பலர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இப்போது 70,000-க்கு மேற்பட்ட சுவடிகளோடு அது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலேயே இருக்கிறது.

அச்சு வந்ததும் நிலைமை மாறியது. ஒரே நேரத்தில் ஆயிரம் பிரதி. பெயர்த்து எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆயிரமும் சேர்ந்து காணாமல் போகலாம், அதற்கும் யாராவது ஒரு பிரதியை எடுத்து வைக்க வேண்டும். 1867 சட்டப்படி அச்சாகும் புத்தகத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. ஆட்சிக்கு எதிராக யார் என்ன எழுதுகிறார்கள் என்று கண்காணிக்கவும் அது பயன்பட்டது. ஆனால் அந்தப் பதிவுகளால்தான் இன்று எந்த வருடம் எந்தப் புத்தகம் வந்தது என்று நாம் சொல்ல முடிகிறது.

எழும்பூர் கன்னிமாராவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதன் விதை ஒரு உபரிச் சரக்கு. இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்களை மதராஸுக்கு அனுப்ப, 1860-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தில் ஒரு நூலகமாக அவற்றை வைத்தார்கள். இப்போதுள்ள பழைய கட்டடத்துக்கு 1890-ல் ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார், 1896 டிசம்பரில் திறந்தது. 1954-ல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம் அதற்குப் பெரிய பொறுப்பைக் கொடுத்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பிவைக்க வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. கொல்கத்தா, மும்பை, தில்லி, சென்னை. நாட்டின் நான்கு பக்கம் நான்கு பிரதி. ஓரிடத்தில் வெள்ளமோ தீயோ வந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும் என்பது கணக்கு. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்புவதில்லை. சின்னப் பதிப்பகம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அனுப்புங்கள், உங்கள் எழுத்தாளருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

சட்டத்துக்குள் அடங்காத காகிதம் எவ்வளவோ இருக்கிறது. பழைய சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம், நாலு இதழோடு நின்றுபோன பத்திரிகை. இவற்றை மதிப்பில்லாதவை என்று பெரிய நூலகங்கள் ஒதுக்கிய காலத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் விடாமல் சேர்த்தார். விளம்பரப் பலகை எழுதும் கலைஞர் அவர். சேர்த்தது சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் மறைந்ததும் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தார்கள். 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக முகப்பேரில் தொடங்கி, இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே பொடிந்துபோகும் பக்கங்களை மைக்ரோஃபிலிமில் எடுத்தார்கள், பிறகு டிஜிட்டலுக்கு வந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் சென்னைத் தெருவில் சாதாரண ஜனங்கள் எதைப் பாடினார்கள், எந்தச் செய்திக்குப் பதறினார்கள் என்று இன்று ஒருவர் ஆய்வு செய்ய வேண்டுமென்றால் முதலில் போய் நிற்கிற இடம் அது.

சேர்த்தால் மட்டும் போதுமா? லட்சம் புத்தகம் உள்ள கட்டடத்தில் தப்பான தட்டில் செருகிய ஒரு புத்தகம் தொலைந்த புத்தகம்தான். இந்தப் பிரச்சினையை உலகத்துக்கே யோசித்துக் கொடுத்தவர் நம் சீர்காழிக்காரர் சீ.இரா.அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே தட்டில் தேடி எடுக்கும்படி செய்தார். 1931-ல் அவர் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. 1933-ல் கோலன் பகுப்பு முறை வந்தது. லண்டன் கடையில் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமானில், அதே துண்டுகளைக் கழற்றி மாட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம் என்று கண்டதிலிருந்து அந்த யோசனை பிறந்தது. ஒரு புத்தகத்தின் பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் கோர்த்து ஒரு எண் உண்டாக்கினார். நாளைக்குப் புதிதாக ஒரு துறை முளைத்தாலும் அதற்கு இடம் இருக்கும்.

அட்டவணை போடுவது உப்புச்சப்பில்லாத வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர், உ.வே.சா. என்று நாலு விதமாக அட்டையில் போட்டிருக்கும் ஒரே மனிதரை ஒரே பெயருக்குக் கீழ் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வாசகர் ஒரு பெயரில் தேடி, கிடைக்கவில்லை என்று திரும்பிப் போவார். இணையத்தில் இன்றைக்கும் இதுதான் பெரிய குறை. கோப்பு இருக்கும், அது எந்தப் பதிப்பு, எந்த வருடம், யார் பதிப்பித்தது என்று இருக்காது. இன்னொரு சிக்கல், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை வடிவங்கள். துதிக்கை வைத்த பழைய எழுத்தைக் கணினி அடிக்கடி தப்பாகப் படிக்கும், நீங்கள் தேடும் சொல் உள்ளே இருந்தும் அகப்படாது. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை இன்று திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. நூறு வருடப் புத்தகத்தைப் படிக்க முடிகிறது, முப்பது வருடக் கோப்பைப் படிக்க முடியவில்லை. மதுரைத் திட்டத்தார் பழைய குறியீட்டில் செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றினார்கள், அதனால் அவை பிழைத்தன. ஓலையைப் பெயர்த்து எழுதிய அதே வேலை இது.

யாருக்காக என்றும் கேட்டீர்கள். சுதந்திரம் வந்த மறுவருடமே, 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அரங்கநாதன் அதற்காக வருடக்கணக்கில் போராடினார், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் நிறைவேற்றினார். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி என்று இருக்கும். கிளை நூலகங்களுக்குப் பணம் அதிலிருந்து வருகிறது. ஆக, உங்கள் அப்பா ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்! அதை உபயோகிக்காமல் விடுவதுதான் நஷ்டம்.

2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தபோது இத்தனை பெரிய கட்டடம் எதற்கு என்றார்கள். அடுத்த வருடமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு வந்து, வாசகர்கள் உயர் நீதிமன்றம் போய், நூலகம் நூலகமாகவே நின்றது. இப்போது காலையில் போனால், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள்தான் அதிகம். பரீட்சைக்குப் படிக்கிற கூடமாகிவிட்டதே என்று என் நண்பர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கிடையாது. ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தத்துக்கும் தம்பி தங்கை சண்டைக்கும் நடுவே படிக்க முடியாத பிள்ளைக்கு ஒரு நாற்காலி, மின்விசிறி, குடிநீர், அமைதி, எல்லாம் காசில்லாமல் கிடைக்கிற இடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? தரைத்தளத்தில் பார்வையற்றவர்களுக்கு பிரெயில் பகுதி, மாடியில் குழந்தைகளுக்கென்று ஒரு தளம். அறிவைப் பகிர்வது என்றால் இதெல்லாமும் சேர்த்துத்தான்.

1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமார் 97,000 நூல்கள். அச்சுப் புத்தகங்களில் வேறிடத்தில் பிரதி இருந்தவற்றைப் பின்னாளில் திரும்பச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் போனது போனதுதான். 2005-லிருந்து நூலகம் என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழர்கள் ஒரு மின்னூலகத்தை வளர்த்துவருகிறார்கள். ஊர் மலர், பள்ளி ஆண்டிதழ், துண்டுப் பிரசுரம் எதையும் விடாமல் ஏற்றுகிறார்கள். எரிந்ததைப் பார்த்தவர்களுக்குப் பிரதியின் அருமை தெரிகிறது.

சரி, இனி உங்கள் தாத்தாவின் பீரோக்கள்.

முதலில் எதையும் மொட்டைமாடியில் வெயிலில் காயப் போடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் அதிகம், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் அப்பளமாக உடையும். அதிலும் இரண்டாம் உலகப்போர்க் காலக் காகிதப் பஞ்சத்தில் அச்சடித்தவை ரொம்ப மோசம். நிழலில், காற்றோட்டத்தில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை பக்கத்தை மஞ்சளாக்கித் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பதிப்பு விவரம் அங்கேதான் இருக்கும். அதை வைத்துத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்தின் அட்டவணையிலும் தேடுங்கள். பிரபலமான நாவல்களின் மறுபதிப்புகளை நீங்கள் படிக்கலாம், அல்லது கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம். கவனமாகப் பார்க்க வேண்டியவை ஒல்லியான, அட்டை போன, யாரும் மதிக்காத சமாச்சாரங்கள்: சிறுபத்திரிகை, சங்க ஆண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், மாத இதழ்களின் ஓரிரு பிரதி. தேடிக் கிடைக்காதவற்றைப் பட்டியல் போட்டுத் தரமணிக்கு எழுதிக் கேளுங்கள். ஓலைக்கட்டு ஏதாவது அகப்பட்டால் கயிற்றை இழுத்துப் பிரிக்காமல் அப்படியே கோட்டூர்புரத்துச் சுவடி நூலகத்தில் காட்டுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பார்க்கும் ஆசை வந்தால் கல்லூரிச் சாலையில் 1812-லிருந்து இருக்கும் மதராஸ் இலக்கியச் சங்கத்துக்கும் ஒருநாள் போங்கள். ஒரு புத்தகத்தைத் தத்தெடுத்து அதைச் செப்பனிடும் செலவை ஏற்றுக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்துக்குள் இருக்கிற ரசீது, கடிதம், பஸ் டிக்கெட் எதையும் உதறிவிடாதீர்கள். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, அதோடேயே வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.